கல்லூரியை எப்போது போய்ப் பார்ப்பது?

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். இன்ஜினீயரிங் சேர ஆசை. கல்லூரிகளை இப்போதே போய்ப் பார்க்கலாமா, பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு போதுமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இப்போதே பாருங்கள். ரிசல்ட் வந்துவிட்டால் விண்ணப்பம், சான்றிதழ் பதிவேற்றம், ரேங்க் பட்டியல், ஆன்லைன் கவுன்சலிங் என்று வேலைகள் வரிசைகட்டி நிற்கும். அந்த நேரத்தில் பெரும்பாலும் வகுப்புகளும் நடக்காது. கட்டடத்தை மட்டும்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

காலாண்டு விடுமுறையில், கல்லூரி இயங்கும் நாளாகப் பார்த்து, முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள். வீட்டுக்கு அருகில் ஒன்று, விடுதியில் தங்கிப் படிக்கும் தூரத்தில் ஒன்று, ஓர் அரசுக் கல்லூரி என மூன்று போதும். லேபில் கருவிகளை மாணவர்கள் தொட்டு வேலை செய்கிறார்களா, உறைபோட்டு மூடிவைத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். கேன்டீனில் இரண்டாம் ஆண்டு மாணவிகளிடம் மகளையே பேசவிடுங்கள். வேலைவாய்ப்புக் கணக்கைத் துறைவாரியாகக் கேளுங்கள்.

பிளஸ் டூவில் இந்த அலைச்சல் வேண்டாம். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200-க்குத்தான் கட்-ஆஃப். எந்தக் கல்லூரி பிடித்திருந்தாலும் இடம் வாங்கித் தருவது அந்த மதிப்பெண்தான்.