நாய் வளர்ப்போரும் வளர்க்காதோரும் அறிய வேண்டியவை

 

நாய் என்றதும் நம் வீடுகளில் முதலில் வரும் சொல் ‘நஜீஸ்’. அடுத்து வரும் சொல் ‘கல்லை எடு’. முதல் சொல் மார்க்கச் சட்டம். இரண்டாவது சொல்லுக்கு மார்க்கத்தில் இடமே இல்லை. இந்த இரண்டையும் நாம் ஒன்றாகச் சேர்த்துவிட்டதால் ஒரு பெரிய ஆபத்தும் சேர்ந்து வந்திருக்கிறது. நாய் நக்கினாலோ, நகம் கீறினாலோ, ‘உம்மா திட்டுவார்கள், ஏழு தடவை கழுவச் சொல்வார்கள்’ என்று பயந்து பிள்ளைகள் அதை வீட்டில் சொல்வதே இல்லை. அந்த மௌனம் உயிரைக் குடிக்கக் கூடியது. அதனால்தான் இந்த மாதப் பாடம் நாயைப் பற்றி.

நம் மஹல்லாவில் தோப்புக் காவலுக்கும் ஆட்டுக் கிடைக்கும் நாய் வைத்திருப்பவர்கள் உண்டு. அண்டை வீட்டு மாற்று மதச் சகோதரர்கள் செல்லமாக வளர்ப்பதும் உண்டு. தெரு நாய்களோ எல்லோருக்கும் பொது. ஆகவே இது எல்லோருக்குமான பாடம்.

1. மார்க்கம் என்ன சொல்கிறது?

திருக்குர்ஆன் நாயை வெறுப்போடு மட்டும் பேசவில்லை. பயிற்சி கொடுக்கப்பட்ட வேட்டை நாய் பிடித்துத் தருவதை, அல்லாஹ்வின் பெயர் சொல்லி உண்ணலாம் என்று 5:4 வசனம் அனுமதிக்கிறது. குகைத் தோழர்களோடு அவர்களுடைய நாயும் வாசலில் கால்களை நீட்டிப் படுத்திருந்ததை 18:18 வசனம் குறிப்பிடுகிறது.

வேட்டை, கால்நடை, விவசாயம் ஆகிய தேவைகள் இல்லாமல் நாய் வளர்ப்பவரின் நன்மையிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு கீராத் குறையும் என்று ஓர் அறிவிப்பும், இரண்டு கீராத் குறையும் என்று இன்னோர் அறிவிப்பும் புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் உள்ளன. வீட்டுக் காவலையும் இந்தத் தேவைகளோடு ஒப்பிட்டு இமாம்கள் பலர் அனுமதித்திருக்கிறார்கள். நாய் உள்ள வீட்டில் ரஹ்மத்துடைய மலக்குகள் நுழைவதில்லை என்ற நபிமொழியும் நாம் அறிந்ததே. எனவே பெருமைக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் விலை உயர்ந்த குட்டியை வாங்கி, படுக்கை அறை வரை விடும் புதிய பழக்கம் நமக்குரியது அல்ல. நாயின் கிரயத்தையே நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஷாஃபி மத்ஹபில் நாயை விற்பதும் வாங்குவதும் செல்லாது. பயன் தரும் நாய் விஷயத்தில் ஹனஃபி மத்ஹபில் அனுமதி உண்டு. காவலுக்கு நாய் தேவைப்படுபவர்கள் பணம் கொடுக்கும் முன் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதே நபி (ஸல்) அவர்கள்தான், தாகத்தால் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதையும் சொன்னார்கள். பூனையைக் கட்டிப்போட்டு, உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் சென்றதையும் சொன்னார்கள். அன்சாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தில் ஒட்டகம் கண்ணீர் விட்டபோது, அதைப் பட்டினி போட்டு வேலை வாங்கியதற்காக உரிமையாளரைக் கண்டித்தார்கள். வளர்க்கலாமா என்பது ஒரு கேள்வி. வளர்த்தால் எப்படி நடத்த வேண்டும் என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்வியில் எவ்வளவு கண்டிப்பானவராக இருந்தாலும் இரண்டாவதில் இரக்கம் காட்டாமல் இருக்க யாருக்கும் அனுமதி இல்லை.

2. நஜீஸ்: பயம் எவ்வளவு, சட்டம் எவ்வளவு?

ஷாஃபி மத்ஹபில் நாய் முழுவதுமே கடுமையான நஜீஸ். அதன் எச்சிலோ ஈரமோ பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். ஹனஃபி மத்ஹபில் எச்சில் நஜீஸ், உடம்பு அப்படியல்ல. மூன்று முறை கழுவினால் போதும், ஏழு முறை சிறப்பு.

பலர் கவனிக்காத ஒன்று: காய்ந்த நாய் காய்ந்த துணியில் உரசிச் சென்றால் நஜீஸ் ஒட்டுவதில்லை. இரண்டில் ஒன்று ஈரமாக இருந்தால்தான் கழுவும் கடமை வரும். நபி (ஸல்) காலத்தில் பள்ளிவாசலுக்குள் நாய்கள் வந்து போயின, அதற்காகத் தண்ணீர் தெளிக்கவில்லை என்று இப்னு உமர் (ரலி) அறிவிப்பது புகாரியில் உள்ளது. ஆகவே சுபுஹுக்குப் போகும் வழியில் நாய் பக்கத்தில் வந்தால் பதற வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். நாயைத் தொட்டாலும் உளூ முறியாது. ஈரம் பட்ட இடத்தைக் கழுவினால் போதும்.

3. வளர்ப்பவரின் கடமைகள்

*வீட்டிலும் தோப்பிலும்:* நாளெல்லாம் இரண்டு முழச் சங்கிலியில் கட்டிப்போட்ட நாய் நல்ல காவல் நாய் ஆகாது. அது பயந்த நாய் ஆகும், பயந்த நாய்தான் கடிக்கும். நாயை எப்போதும் கட்டியே வைத்து நடக்கவிடாமல் இருப்பது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றமும்கூட. நிழல், எப்போதும் தண்ணீர், வேளைக்கு உணவு, காலையும் மாலையும் நடை: இவை குறைந்தபட்சம். குளிர் நாட்டு ஹஸ்கியை நம் ஊர் சித்திரை வெயிலில் மாடியில் கட்டி வைப்பது வதை. காவல்தான் தேவை என்றால் நம் மண்ணுக்கே உரிய ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நாய்கள் இருக்கின்றன. நாயின் தட்டும் படுக்கையும் தனியாக இருக்கட்டும். தொழும் இடத்துக்கும் அடுப்படிக்கும் அது வராமல் பழக்குங்கள்.

*தடுப்பூசி:* குட்டிக்கு மூன்று மாத வயதில் முதல் ரேபிஸ் ஊசி. பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில் அடுத்த ஊசி, அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை. கால்நடை மருந்தகத்தில் தரும் அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் எடுக்க வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் நகராட்சியிலோ ஊராட்சியிலோ விசாரித்துக்கொள்ளுங்கள்.

*தெருவில்:* ‘எங்க நாய் ஒன்னும் செய்யாது’ என்பது நாய் வளர்ப்பவர் எல்லோரும் சொல்லும் வார்த்தை. அது உங்களை ஒன்றும் செய்யாது, சரி. எதிரே வரும் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? வெளியே போனால் கயிறு அவசியம். ஆள் வந்தால் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து ஓரமாக நில்லுங்கள். தெருக்கதவைத் திறந்து போட்டு நாயைத் தன் பாட்டுக்கு விடாதீர்கள். கவனக்குறைவால் நம் விலங்கு ஒருவருக்குக் காயம் உண்டாக்கும் நிலை வந்தால், பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 291-இன்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். சட்டத்துக்கு முன்பே மார்க்கம் சொல்லிவிட்டது: யாருடைய தீங்கிலிருந்து அண்டை வீட்டார் நிம்மதியாக இல்லையோ, அவரிடம் ஈமான் நிறைவாக இல்லை.

*கழிவு:* மக்கள் நடக்கும் பாதையிலும் ஒதுங்கும் நிழலிலும் மலம் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் சாபத்துக்குரிய செயல் என்று தடுத்தார்கள். நம் நாயை அங்கே கூட்டிச் சென்று விடுவதும் அதே தொல்லையைத்தான் தருகிறது. ஒரு பையும் பழைய செய்தித்தாளும் கையில் இருந்தால் வேலை முடிந்தது.

*குட்டிகள்:* வேண்டாத குட்டிகளைச் சாக்கில் கட்டி அடுத்த ஊர் எல்லையில் விட்டு வருவது பாவம். அது தொல்லையை இன்னொருவர் வாசலுக்கு மாற்றிவிடுவது மட்டுமே. கருத்தடை பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹஜ்ரத்திடமும் கால்நடை மருத்துவரிடமும் கேட்டு முன்கூட்டியே முடிவெடுங்கள்.

4. வளர்க்காதவர்களின் கடமைகள்

தெரு நாய் பெருகுவது எதனால்? தெருவில் தீனி கிடைப்பதால். கறிக்கடை, கோழிக்கடைக் கழிவு, கல்யாண மண்டபத்து மிச்சம், ஹஜ்ஜுப் பெருநாளில் சாக்கடையில் கொட்டப்படும் குடலும் தோலும், இவை மூன்றும் நம் பக்கத்துப் பங்கு. குர்பானி ஓர் இபாதத். அதன் கழிவை நாய் இழுத்துத் தெருவெல்லாம் போடுவது அந்த இபாதத்துக்கு நாம் செய்யும் அவமரியாதை. கழிவைச் சாக்கில் கட்டி நகராட்சி வண்டியில் கொடுங்கள். தோப்பு வசதி உள்ளவர்கள் ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று.

தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்து, ரேபிஸ் ஊசி போடுவது 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. கடிக்கும் நாய் இருந்தால் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். தெருவார் பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்திட்டால் நல்லது. விஷம் வைப்பதும், வெந்நீர் ஊற்றுவதும் ஹராம், சட்டப்படி குற்றம். இரக்கப்பட்டு உணவு வைப்பவர்கள் மக்தப், பள்ளிவாசல் வாசலில் வைக்காதீர்கள். தெருவில் கண்ட இடத்தில் வைக்காமல் அதற்கென ஒதுக்கிய இடத்தில்தான் உணவு தர வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் கூறியிருக்கிறது.

அண்டை வீட்டு நாயால் சிரமம் என்றால் சண்டையில் ஆரம்பிக்காதீர்கள். ‘தொழுகைக்குப் போகும்போது ஈரம் பட்டால் நாங்கள் உடை மாற்ற வேண்டும், கொஞ்சம் பிடித்துக்கொள்ள முடியுமா?’ என்று காரணத்தோடு கேளுங்கள். காரணம் தெரிந்தால் பெரும்பாலானோர் ஒத்துழைப்பார்கள். காரணம் சொல்லாமல் ‘சீ’ என்று ஒதுங்கினால், தங்களையே வெறுப்பதாக அவர்கள் நினைப்பார்கள்.

5. கடித்தால்: இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்

ரேபிஸ் கிருமி நாயின் எச்சிலில் இருக்கிறது. கடி, நகக் கீறல், புண்ணில் நக்குதல் என எந்த வழியாகவும் நுழையும். நரம்பு வழியே மூளைக்குப் போகச் சில வாரமோ சில மாதமோ ஆகும். நோய் வெளியே தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறத்தாழ முடியாது. தெரியும் முன் ஊசி போட்டுக்கொண்டால் முழுமையாகத் தடுக்கலாம்.

* உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள்.
* மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள், எண்ணெய் எதுவும் வேண்டாம். கட்டும் போடாதீர்கள்.
* காயத்தில் மண் போடாதீர்கள். ஏழு முறை கழுவும் சட்டத்தை நினைத்து மண்ணைத் தேய்த்தால் புண்ணில் வேறு கிருமி சேரும். தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையானபோது, சலுகை கிடையாது என்று உடன் இருந்தவர்கள் சொல்ல, அவர் குளித்து இறந்துபோனார். செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள் அப்படிச் சொன்னவர்களைக் கடுமையாகக் கண்டித்தார்கள். இது அபூதாவூதில் உள்ள செய்தி. முதலில் மருத்துவமனை, சுத்தம் பற்றிய சட்டத்தைப் பிறகு ஹஜ்ரத்திடம் கேளுங்கள்.
* அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள்கள். ஆழமான காயத்துக்குக் காயத்தைச் சுற்றியும் ‘இம்யூனோகுளோபுலின்’ மருந்து செலுத்துவார்கள். ஒரு தவணையும் தவறக் கூடாது.
* வீட்டு நாய்தான், சின்னக் குட்டிதான், ஊசி போட்ட நாய்தான் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். நாயை அடித்துக் கொல்லாதீர்கள். 10 நாள் கண்காணித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்காக ஊசியைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.
* தொப்புளைச் சுற்றிப் போடும் அந்தக் கால ஊசி இப்போது இல்லை. கையில்தான் போடுகிறார்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் போட்டுக்கொள்ளலாம்.
* நோன்பு நேரத்தில் தவணை வந்தால் தயங்காதீர்கள். சத்து ஏற்றாத ஊசியால் நோன்பு முறியாது என்பதே இக்கால ஆலிம்கள் பெரும்பாலோரின் தீர்ப்பு.
* ஓதிப் பார்ப்பதையும் துஆவையும் யாரும் தடுக்கவில்லை. ஊசியை விட்டுவிட்டு அதை மட்டும் நம்புவது தவக்குல் ஆகாது. மருத்துவம் செய்துகொள்ளும்படி சொன்னவர்களும் நபி (ஸல்) அவர்களே.

6. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்

சாப்பிடும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய், இந்த மூன்றின் பக்கத்திலும் போகக் கூடாது. நாய் துரத்தினால் ஓடக் கூடாது, கத்தக் கூடாது. கண்ணுக்குக் கண் பார்க்காமல், கையைத் தொங்கவிட்டு மரம்போல் நிற்க வேண்டும். மக்தப் பை இருந்தால் முன்னால் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்வாங்க வேண்டும். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு படுத்து, காதையும் கழுத்தையும் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று: நாய் கடித்தாலோ, கீறினாலோ, நக்கினாலோ உடனே வீட்டில் சொல்ல வேண்டும். சொல்லும் பிள்ளையைத் திட்ட மாட்டோம் என்று பெற்றோர் இன்றே வாக்குக் கொடுக்க வேண்டும். துணியைத் துவைத்துக்கொள்ளலாம். பிள்ளை போனால் திரும்பாது.

வீட்டில் கலந்து பேச

1. நம் பிள்ளையை நாய் கீறினால் பயமில்லாமல் நம்மிடம் சொல்லுமா? கேட்டுப் பாருங்கள்.
2. இரவு நேரத்தில் நாய்க்கடி ஊசி போடும் அரசு மருத்துவமனை நமக்கு எது?
3. வருகிற குர்பானிக் கழிவை எங்கே, எப்படி அகற்றப் போகிறோம்?
4. வீட்டிலோ தோப்பிலோ நாய் இருந்தால், அதன் தடுப்பூசி அட்டையில் கடைசித் தேதி என்ன?

படைத்தவனின் படைப்புகள் மீது இரக்கமும், அண்டை வீட்டாருக்குத் தொல்லை தராத பண்பும், நம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பும் தந்து வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.