வி.பி.சிங்: பதினொரு திங்கள் ஆட்சியும் பல்லாண்டுப் பயனும்

முன்னுரை

ஆட்சியாளரை மதிப்பிடும்போது, அவர் பதவியில் இருந்த ஆண்டுகளையே நாம் பெரும்பாலும் அளவுகோலாகக் கொள்கிறோம். அவ்வாறு அளந்தால், 1989 டிசம்பர் 2 முதல் 1990 நவம்பர் 10 வரை, ஓராண்டும் நிறையாமல் இந்தியப் பிரதமராக இருந்த விசுவநாத் பிரதாப் சிங் சிறியவராகவே தோன்றுவார். அவ்வளவுகோல் தக்கதுதானா என்பதை அவர்தம் பொதுவாழ்வைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதவியும் துறவும்

1931 ஜூன் 25ஆம் நாள் அலகாபாத்தில் பிறந்த அவர், மாண்டா அரச குடும்பத்தின் தத்துப் பிள்ளையாக வளர்ந்தார். 1957இல் பூதான இயக்கத்தில் ஈடுபட்டுப் பாஸ்னா என்னும் ஊரிலிருந்த தம் பண்ணை நிலத்தைக் கொடையாக அளித்தார். 1980இல் உத்தரப்பிரதேச முதலமைச்சரானார். கொள்ளைக் கூட்டத்தாரை ஒடுக்குவதாகத் தந்த வாக்கை நிறைவேற்ற இயலாமையால் 1982இல் பதவி விலகினார்.

இராஜீவ் காந்தி அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்தபோது வரி ஏய்ப்போர்மீது சோதனைகளை முடுக்கிவிட்டார். 1987இல் பாதுகாப்பு அமைச்சரானதும், மேற்கு ஜெர்மனியிடம் நீர்மூழ்கிக் கப்பல் வாங்கியதில் தரகுப் பணம் கைமாறியதா என விசாரிக்க ஆணையிட்டார். அதனால் எழுந்த பூசலில் ஏப்ரல் திங்களில் பதவி துறந்தார். 1988இல் ஜனதா தளம் பிறந்தது. தி.மு.க. உள்ளிட்ட மாநிலக் கட்சிகள் இணைந்த தேசிய முன்னணியின் சார்பில் அவர் 1989இல் ஆட்சி அமைத்தார். ஆயினும், பாரதிய ஜனதா கட்சியும் இடதுசாரிகளும் வெளியிலிருந்து தாங்கிய ஆட்சி அது.

மண்டல் ஆணை

1979இல் மொரார்ஜி தேசாய் அரசு அமைத்த மண்டல் குழு, 1980இல் அளித்த அறிக்கை ஏறத்தாழப் பத்தாண்டுகள் செயல்வடிவம் பெறாதிருந்தது. 1990 ஆகஸ்ட் 7ஆம் நாள், மத்திய அரசுப் பணிகளில் பிற்படுத்தப்பட்டோர்க்கு 27 விழுக்காடு இடஒதுக்கீடு வழங்கப்படும் என்று வி.பி.சிங் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அக்குழு சமயத்தை நோக்காது சமூகப் பின்தங்கலையே நோக்கியமையால், இசுலாமியருள் பின்தங்கிய பிரிவினரும் அதன் பயனுக்கு உரியவராயினர். தமிழகத்து இலப்பைமாரும் அவருள் அடங்குவர்.

எதிர்ப்பும் வீழ்ச்சியும்

வடமாநிலங்களில் கிளர்ச்சி மூண்டது. மாணவர் சிலர் தீக்குளித்தனர். துணைப் பிரதமராக இருந்த தேவிலாலுடன் ஏற்பட்ட பிளவே இவ்வறிவிப்பை விரைவுபடுத்தியது என்போர் உளர். கருத்தொற்றுமையைத் திரட்டாமல் அறிவித்தார் என்பதும் ஒதுக்கத்தக்க குறையன்று. எனினும், நோக்கத்தில் அரசியல் கலந்திருப்பினும், செயலின் நீதி அதனால் குன்றுமா என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

அயோத்தி நோக்கிய ரத யாத்திரை 1990 அக்டோபர் 23ஆம் நாள் பீகாரில் தடுக்கப்பட்டு, அத்வானி கைதானார். பாரதிய ஜனதா கட்சி ஆதரவை விலக்கிக்கொண்டது. பாபர் மசூதியைக் காக்கும் அரசின் கடமையை விட்டுக்கொடுத்து ஆட்சியைக் காத்துக்கொள்ள அவர் உடன்படவில்லை. நவம்பர் 7ஆம் நாள் நம்பிக்கை வாக்கெடுப்பில் 142 வாக்குகளே பெற்றுத் தோற்றார்.

எஞ்சி நிற்பவை

ஆட்சி வீழ்ந்தது, ஆணை வீழவில்லை. 1992 நவம்பர் 16ஆம் நாள் உச்சநீதிமன்றம் 27 விழுக்காட்டை ஏற்று, வசதி மிக்க பிரிவினரை மட்டும் விலக்கியது. 1993இல் அது நடைமுறைக்கு வந்தது. 2008இல் மத்திய உயர்கல்வி நிறுவனங்களிலும் அவ்வுரிமை உறுதியாயிற்று. காவிரி நடுவர் மன்றம் 1990 ஜூனில் அமைந்ததும், அதே ஆண்டு அம்பேத்கருக்குப் பாரத ரத்னா வழங்கப்பெற்றதும் அவர் ஆட்சியிலேயே.

முடிவுரை

2008 நவம்பர் 27ஆம் நாள் அவர் மறைந்தார். முந்தைய இரவு தொடங்கிய மும்பைத் தாக்குதலின் துயரில் அச்செய்தி அமிழ்ந்து போயிற்று. பதினைந்தாண்டுகளுக்குப் பின், 2023இல் அதே நாளில் சென்னை மாநிலக் கல்லூரி வளாகத்தில் அவர் சிலை திறக்கப்பெற்றது. அவ்வாணையால் கல்வியும் பணியும் பெற்றோருள் பலர் அவர் பெயரையும் அறியார். சிலையை வணங்குதலினும், அவ்வரலாற்றை மாணவர்க்கு உணர்த்துதலே நாம் செலுத்தத்தக்க நன்றி. ஆட்சியின் அளவு நாள்களில் இல்லை. அது திறந்துவிட்ட வாயில்களில் உள்ளது எனத் துணியலாம்.