மதிப்பெண் பட்டியலில் மறையும் மாணவர்

பத்தாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வுப் பட்டியலில் மொத்தத்தை மட்டும் பார்த்தால், நான்கு பாடங்களில் நன்றாக எழுதி, கணக்கில் 28 பெற்ற மாணவர் கண்ணில் படமாட்டார். எக்செல் அவரைக் காட்டித்தரும்.

1. பாட மதிப்பெண்கள் உள்ள கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுக்கவும். மொத்தம் வேண்டாம்.

2. ஹோம் பகுதியில் கண்டிஷனல் ஃபார்மட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், லெஸ் தேன் என்று வரிசையாகச் சொடுக்கவும்.

3. பெட்டியில் 35 எனத் தட்டச்சு செய்து ஓகே கொடுக்கவும்.

35-க்குக் குறைந்த மதிப்பெண்கள் உடனே சிவப்பாகும். மதிப்பெண்ணைத் திருத்தினால் நிறமும் தானாக மாறும். தேர்வுக்கு வராதவர் என எழுத்தில் குறித்த கட்டம் நிறம் மாறாது. அவர்களைத் தனியே கவனிக்கவும்.

யாருக்கு எந்தப் பாடத்தில் கூடுதல் பயிற்சி வேண்டும் என்பது இனி ஒரே பார்வையில் தெரியும். இந்தப் பட்டியல் ஆசிரியருக்கு மட்டுமே. வகுப்பில் திரையிட வேண்டாம்.