ஸ்பானிங் ட்ரீ: வலையமைப்பிற்கு வேர் வகுத்தல்

ஒரு வழி கெட்டால் மற்றொரு வழி உதவுமென்று கருதி, கணினி வலையமைப்பின் சுவிட்சுகளை மிகைக் கேபிள்களாலும் இணைத்து வைத்தல் வழக்கம். ஆயின் துணைக்கென இட்ட அவ்வழியே வலையமைப்பு முழுவதையும் வீழ்த்தவுங் கூடும். அஃது எவ்வாறென்பதையும், அதனைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ என்னும் நெறியை அமைக்கும் முறையையும் ஈண்டு ஆராய்வாம்.

மூன்று சுவிட்சுகள் முக்கோணமாக இணைந்துள்ளன என்று கொள்வோம். எல்லாக் கணினிகட்கும் உரிய செய்தியொன்று வரின், ஒவ்வொரு சுவிட்சும் அது வந்த போர்ட்டு ஒழிந்த ஏனைய போர்ட்டுகள் அனைத்திலும் அதனை விடுக்கும். முக்கோணத்திலோ அச்செய்தி ஓயாது சுழலும். ஐ.பி. செய்திக்கு ஆயுள் எண் உண்டு. ரூட்டர்தோறும் அது குறைந்து, முடிவில் செய்தி ஒழியும். ஈதர்நெட் செய்திக்கு அவ்வரம்பு இல்லை. ஆதலின் சுழல்வன பெருகி, சில விநாடிகளில் வலையமைப்பு செயலற்றுப்போம்.

இதற்கு மருந்தாக, டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பொரேஷனில் பணிபுரிந்த ரேடியா பெர்ல்மன் அம்மையார் 1985ஆம் ஆண்டில் இந்நெறியை வகுத்தார். சுவிட்சுகள் 2 விநாடிக்கொருமுறை பி.பி.டி.யு. என்னும் குறிப்புகளை விடுத்து, தம்முள் ஒன்றை வேராகக் கொள்ளும். ஏனையவை வேரை அடையச் செலவு குறைந்த வழியைத் திறந்து, வளையம் உண்டாக்கும் வழியை அடைக்கும். அடைத்தல் அறுத்தலன்று, திறந்த வழி கெடின் அடைத்த வழி திறக்கும். பழைய நெறியில் இதற்கு 30 முதல் 50 விநாடி ஆகும். 2001இல் வந்த விரைவு நெறியில் பெரும்பாலும் சில விநாடிகளே ஆகும்.

இந்நெறி தானே இயங்குமாதலின் நாம் செய்வது யாதுமில்லை என்பாருமுளர். அது பொருந்தாது. என்னையெனின், சுவிட்சுகள் யாவும் 32768 என்னும் ஒரே முதன்மை எண்ணோடு வருவன. எண் ஒத்தவிடத்து, மேக் முகவரி சிறியதாயது எதுவோ அதுவே வேராகும். மூலையறையிற் கிடக்கும் பழைய சுவிட்சொன்று இவ்வாறு வேராகிவிடின், கட்டடமனைத்தின் போக்குவரத்தும் அதன் வழியே செல்ல நேரும்.

ஆகவே அமைக்கும் முறை இது. முதலாவது, இணைப்புகள் அனைத்தையும் படமாக வரைக. இயல்பான கால அளவுகளுக்கு, எவ்விரு முனைகட்கிடையிலும் 7 சுவிட்சுகளுக்கு மேற்படலாகாது. இரண்டாவது, எல்லாவற்றிலும் விரைவு நெறியையே அமைக்க. மூன்றாவது, நடுவணுள்ள வலிய சுவிட்சுக்கு 4096 என்றும், அதற்குத் துணையாவதற்கு 8192 என்றும் முதன்மை எண் இடுக; இவ்வெண் 4096இன் மடங்காதல் வேண்டும். நான்காவது, கணினி மட்டும் சேரும் போர்ட்டுகளை எட்ஜ் போர்ட்டுகளாக்கி, பி.பி.டி.யு. கார்டையும் இயக்குக, எவரேனும் அங்கே வேறொரு சுவிட்சைச் செருகின் அப்போர்ட்டு மூடப்படும். ஐந்தாவது, அமைப்பைச் சேமித்து, வேர் எதுவென நோக்கி, ஓய்வு நேரத்தில் கேபிளொன்றைக் கழற்றிச் சோதிக்க. கட்டளைச் சொற்கள் சுவிட்சு செய்வோர்க்கேற்ப வேறுபடும், இவ்வொழுங்கு வேறுபடாது.

2002ஆம் ஆண்டு நவம்பரில் பாஸ்டன் நகரத்துப் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் வலையமைப்பு, ஸ்பானிங் ட்ரீயின் எல்லைக்கு மேல் வளர்ந்திருந்தமையால் நிலைகுலைந்தது. மருத்துவரும் செவிலியரும் சில நாட்கள் காகிதங்கொண்டே நோயாளரைப் பேண நேர்ந்தது. வரைபடமும் வேர்த்தெரிவும் சிறு வேலைகளெனத் தோன்றினும், அவற்றை நம்பியிருப்போர் பலர் என்பதை நாம் மறவாதிருப்போமாக.