பழிக்கு அஞ்சுதலும் பிழைக்கு வருந்துதலும்



பிரித்தானியப் பாடசாலைகளிலே உங்களைப் போன்றோர் பலர் ஆங்கில இலக்கியத்திற் கற்கும் நாடகம் 'ஓர் இன்ஸ்பெக்டர் வருகிறார்'. ஜே. பி. பிரீஸ்ட்லி எழுதிய இந்நாடகம் 1945இல் சோவியத் நாட்டில் முதன்முதல் மேடையேறி, 1946இல் இலண்டனுக்கு வந்தது. கதை நிகழும் ஆண்டோ 1912. அதில் வரும் ஆதர் பேர்லிங் என்னும் ஆலை முதலாளியின் குணவியல்பை ஈண்டு நோக்குவோம்.

மகளின் நிச்சயதார்த்த விருந்திலே, தமக்கு 'சேர்' பட்டம் கிடைக்கக்கூடும் என வருங்கால மருமகனிடம் கூறி மகிழ்கிறார் பேர்லிங். அவ்வேளை இன்ஸ்பெக்டர் கூல் வந்து, ஈவா சிமித் என்னும் இளம்பெண் கிருமிநாசினி அருந்தி இறந்த செய்தியைச் சொல்கிறார். அவள் பேர்லிங்கின் ஆலையில் உழைத்தவள். 22 சிலிங் 6 பென்ஸ் அளவினதான வாரக்கூலியை 25 சிலிங்காக உயர்த்தக் கேட்டு, 1910இல் வேலைநிறுத்தத்துக்கு முன்னின்றமையால் வேலையிழந்தவள். அவளது அழிவில் அக்குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் பங்குண்டு என்பது படிப்படியாக வெளிப்படுகிறது.

மகன் எரிக் அலுவலகப் பணத்தைத் திருடியமை தெரிந்ததும், அதை மூடிமறைப்பதே தந்தையின் முதற்கவலை. இன்ஸ்பெக்டர் சென்றபின்பும் பட்டம் கைநழுவுமே என்றே ஏங்குகிறார். வந்தவர் உண்மைப் பொலிஸ் அதிகாரி அல்லர் என அறிந்ததும் சிரித்து மகிழ்கிறார். மகள் சீலாவும் எரிக்கும் சிரிக்கவில்லை. வந்தவர் யாராயினும் தாம் செய்தவை செய்தவையே என்கின்றனர்.

பழி பிறர் நாவிலே பிறப்பது. பிழை நம் செயலிலே பிறப்பது. பேர்லிங் முன்னதற்கு அஞ்சினார், பின்னதை எண்ணினாரல்லர்.

பெற்றோரே, "நாலுபேர் என்ன சொல்வார்கள்?" என்னும் அச்சம் நம் இல்லங்களிலும் உண்டு. எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிறு சமூகத்தில் அது மேலும் பெரிது. அவ்வச்சம் சில வேளை நம்மைத் தீயவழி செல்லாது தடுக்கும். ஆயினும் பிள்ளை தவறியபோது "இது யாருக்குத் தெரியும்?" என்பதே நம் முதற்கேள்வியானால், பிள்ளை மறைக்கவே கற்கும். துன்பவேளையில் நாடிவரத்தக்க தந்தை நீரல்லர் என்று எரிக் கூறுவது பேர்லிங்குக்கு மட்டும் உரியதன்று. "இதனால் யாருக்குத் துன்பம் நேர்ந்தது?" என்று முதலிற் கேட்போம்.

பயிற்சி: நாடக இறுதியில் தொலைபேசி ஒலிக்கிறது, ஒரு பெண் இறந்துவிட்டாள், இன்ஸ்பெக்டர் ஒருவர் வருகிறார் என்கிறது. அவரிடம் பேர்லிங் யாது கூறுவார்? சீலா யாது கூறுவாள்? ஒரு பக்கத்தில் எழுதுக.