சுண்டெலியும் ஆனந்தமும்

மொழியாசிரியராகிய நாம் உயிரியலுள் நுழைதற்கு ஒரு சொல்லே காரணம். அதனைப் பின்னர்க் கூறுவாம்.

கஞ்சாவின் மயக்கத்துக்கு முதற்காரணமான தெற்றாஐதரோகனபினோலைக் கவோனி, மெக்கூலம் என்போர் 1964இல் இசுரேலிலே தூய நிலையிற் பிரித்து, அதன் அமைப்பையும் அறிந்தனர். இது சுண்டெலியின் உடலிற் புகுந்தால் நான்கு குறிகள் தோன்றும். ஓட்டம் குறையும், உடல்வெப்பம் தாழும், வாலிற் சூடு பட்டாலும் இழுக்கத் தாமதிக்கும், வளையத்தின்மீது வைத்தால் வைத்தவாறே அசையாதிருக்கும்.

ஈரல் நஞ்சை அழிக்கும் என நம் மாணவர் ஒப்புவிப்பர். ஈண்டு அது முற்றும் பொருந்தாது. ஈரலின் நொதியங்கள் இப்பொருளை முதலில் 11-ஐதரொட்சிச் சேர்வையாக மாற்றுகின்றன. இச்சேர்வை சுண்டெலியில் மூலப்பொருளினும் வலியது. வாய்வழி உண்டால் இது மிகுதியாகத் தோன்றும். அதன்பின் உண்டாகும் காபொட்சிச் சேர்வையே மயக்கும் ஆற்றல் அற்றது. ஆகவே, புகைத்தலினும் உண்ணல் தீங்கற்றது என்று எவரேனும் சொல்லின், மாணவர் நம்பற்க.

மூளையில் இவற்றை ஏற்கும் வாங்கி உண்டு. அவ்வாங்கி இல்லாச் சுண்டெலிகளை 1999இல் ஆராய்ந்தபோது, மேற்கூறிய குறிகள் பெரும்பாலும் தோன்றவில்லை.

இனி அச்சொல். அவ்வாங்கியைப் பற்றும் இயற்கைப் பொருளொன்றைப் பன்றியின் மூளையிலிருந்து 1992இல் பிரித்தெடுத்தோர், 'ஆனந்தம்' என்னும் வடசொல்லைக் கொண்டு அதற்கு 'ஆனந்தமைட்டு' எனப் பெயரிட்டனர். சுண்டெலியில் அளந்த நான்கு குறிகளுள் ஆனந்தம் இல்லாமை நோக்குக! இப்பொருளைச் சுண்டெலிக்குச் செலுத்தினால், நொதியமொன்று அதனை விரைவிற் சிதைத்துவிடும். அந்நொதியம் அற்ற சுண்டெலிகளிலோ, 2001இல் கண்டவாறு, அந்நான்கு குறிகளும் வலுத்துத் தோன்றின.