ஏழு சதவீதப் புரளி

கொடைக்கானலில் கோடை சீசன் முடிந்ததும் இன்னொரு சீசன் தொடங்கும். மதுரை, கோவை, சென்னைக் கம்பெனிகள் ஊழியர்களை வேனில் ஏற்றி வந்து, ஓட்டல் மீட்டிங் ஹாலில் உட்காரவைத்துப் பேச்சுத்திறன் பயிற்சி கொடுக்கும் சீசன். ஓட்டல் ரிசப்ஷனுக்கு ஆட்களைப் பழக்குவது என் தொழில். அதனால் அந்த ஹால்களின் வாசலில் நின்று கேட்கும் பாக்கியம் அடிக்கடி கிடைக்கிறது. பயிற்சியாளர் யாராக இருந்தாலும் சரி, டீ இடைவேளைக்குள் அந்த வட்டப்படம் திரையில் வந்துவிடும். சொற்கள் 7 சதவீதம், குரல் 38, உடல்மொழி 55. எல்லோரும் பயபக்தியோடு குறிப்பெடுத்துக்கொள்வார்கள்.

சுத்தப் புரளி. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இந்த எண்கள் ஆல்பர்ட் மெஹ்ரேபியன் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியருடையவை. 1967இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டார்கள். முதலாவதில், ‘நன்றி’, ‘பயங்கரம்’ என்பதுபோன்ற ஒற்றைச் சொற்களைப் பல தொனிகளில் பதிவுசெய்து போட்டுக்காட்டி, பேசுகிறவரின் மனநிலை என்ன என்று கேட்டார்கள். இரண்டாவதில், ‘இருக்கலாம்’ என்ற ஒரே சொல்லோடு முகப் புகைப்படங்களையும் காட்டினார்கள். இரண்டையும் சேர்த்துப் போட்ட கணக்குதான் 7, 38, 55. அதில் ஒரு முழு வாக்கியம்கூடக் கிடையாது. கையசைவையோ நிற்கும் தோரணையையோ யாரும் அளக்கவில்லை. பயிற்சியாளர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ‘உடல்மொழி’ என்கிறாரே, அந்த 55 போட்டோவில் இருந்த முகத்துக்குக் கிடைத்தது. உணர்ச்சியையும் விருப்பு வெறுப்பையும் பற்றிய பேச்சுக்கு வெளியே இந்தக் கணக்கு செல்லாது என்று மெஹ்ரேபியனே எழுதிவைத்திருக்கிறார். அதைப் படிக்க இவர்களுக்கு நேரமில்லை.

93 சதவீதம் சொல்லில்லாமலே போய்ச் சேரும் என்றால், கொல்கத்தாவிலிருந்து வரும் குடும்பம் வங்காளத்தில் கேட்பதெல்லாம் எங்கள் பையன்களுக்குப் புரிந்திருக்க வேண்டுமே! அந்தம்மாள் சிரிப்பது புரிகிறது. குழந்தைக்கு எத்தனை மணிக்கு வெந்நீர் வேண்டும் என்பது புரிவதில்லை.

போதாக்குறைக்கு எங்கள் பேச்சில் பெரும்பகுதி போனில் நடக்கிறது. அங்கே முகத்துக்கு எங்கே போவது? ரயிலில் வருகிறவர் கொடைக்கானல் ரோடு வரை டிக்கெட் எடுத்திருப்பார். பெயரிலேயே ஊர் இருக்கிறது, இறங்கினால் ஆட்டோ பிடித்து வந்துவிடலாம் என்று நினைப்பார். அந்த ஸ்டேஷன் சமவெளியில், இங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. “ஸ்டேஷன்ல இறங்கி அப்படியே வந்துடுங்க சார்” என்று ரிசப்ஷன் பெண் தேன் ஒழுகச் சொன்னால், ராத்திரி கைக்குழந்தையோடு பிளாட்பாரத்தில் நிற்கப்போவது அவர்தான். “அங்கேருந்து மலையேற ரெண்டரை மூணு மணி நேரம் ஆகும் சார், டாக்ஸிக்கு முன்னாடியே சொல்லிடுங்க. இ-பாஸ் எடுத்தாச்சா?” என்று அதே பெண் வறட்டுக் குரலில் கேட்டால்கூட, வந்து சேர்ந்ததும் அவளுக்கு நன்றி சொல்வார். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இங்கே இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. பேரிஜம் ஏரிக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும். இதையெல்லாம் புருவத்தை உயர்த்திச் சொல்லிவிட முடியாது.

குரலும் முகமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொதித்துப்போய் நிற்கும் விருந்தினரிடம் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு ‘சாரி சார்’ என்றால், அவர் முகத்தைத்தான் நம்புவார். மெஹ்ரேபியன் அளந்ததும் இதைப்போன்ற இடத்தைத்தான்.

இந்த ஹால்களில் உலவும் மற்ற நம்பிக்கைகளை உடைக்க இவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை. சாவைவிட மேடைக்கே மனிதன் அதிகம் பயப்படுகிறான் என்பார்கள். 1973இல் அமெரிக்காவில் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பிலிருந்து கிளம்பியது இது. பயங்களின் பட்டியலைக் கொடுத்து, இருப்பதையெல்லாம் சொல்லச் சொன்னார்கள். மேடைப் பேச்சை அதிகம் பேர் சொன்னார்கள், அவ்வளவுதான். எது பெரிய பயம் என்பது வேறு கேள்வி. ஆங்கிலம் சரளமாக வந்தால்தான் பேச்சுத்திறன் வரும் என்பது பொய் என்று தெரிய, தூண் பாறையில் மலையாளமும் கன்னடமும் உடைத்து உடைத்துப் பேசியே பிழைக்கும் கைடுகளைப் பார்த்தால் போதும். வாயாடிப் பையன்தான் ரிசப்ஷனுக்கு லாயக்கு என்பதை முதலாளிகள் இன்னும் நம்புகிறார்கள். காது கொடுக்காத வாயாடி தப்பான ரூம் சாவியைத்தான் கொடுப்பான்.

அப்படியானால் எதைத்தான் பழக்குவது? கேட்டதைத் திருப்பிச் சொல்வதை. அது ஏன் என்று ஒரு விபத்து சொல்லும். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு விமான நிலையத்தில், மூடுபனியில் ஓடுதளத்திலேயே இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அவற்றில் ஒன்றான கேஎல்எம் விமானத்திலிருந்து வந்த ‘டேக்-ஆஃப்’ என்ற பேச்சை, கிளம்பத் தயாராக நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டு அறை எடுத்துக்கொண்டது. விமானமோ ஓடத் தொடங்கியிருந்தது. அதன்பிறகு வானொலிப் பேச்சு விதிகளை இறுக்கினார்கள். அனுமதி பெறும் விமானி அதன் முக்கியமான பகுதிகளைத் திருப்பிச் சொல்ல வேண்டும். புறப்பட அனுமதி கொடுக்கும்போதும், அதை ரத்து செய்யும்போதும், அதைத் திருப்பிச் சொல்லும்போதும் தவிர ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லே வரக்கூடாது.

நம் ஊரிலும் மூடுபனிக்குக் குறைவில்லை. “பெருமாள்மலைப் பிரிவுல நில்லுங்கண்ணே” என்று டிரைவரிடம் சொன்னால் பழநி ரோட்டுப் பக்கமா, வத்தலகுண்டு ரோட்டுப் பக்கமா? “பழநி ரோட்டுப் பக்கம், டீக்கடைக்கு எதிர்ல, ஆறு மணிக்கு. சரிதானே தம்பி?” என்று அவர் வாயால் திரும்ப வந்தால்தான் போனை வைக்க வேண்டும். நான் பழக்குகிற பிள்ளைகளுக்கு முதல் வாரம் முழுக்க இது ஒன்றுதான் பாடம். கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

ஓட்டல் முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. அடுத்த பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்பு, வேறு நம்பரிலிருந்து உங்கள் ஓட்டலுக்கே போன் போட்டு, கொடைக்கானல் ரோட்டில் இறங்கினால் எப்படி வருவது என்று கேளுங்கள். வரும் பதிலைக் கேட்டுவிட்டு, பணம் கட்டுவதா என்று முடிவு செய்யுங்கள்.